இரண்டு விரல் உயரம்

அக்கா,

உங்கள் தம்பி இன்று வந்திருந்தார். தெலுக் இந்தானில் பஸ் ஏறி ஈப்போவில் இறங்கி, வாசலில் இருந்த காவலரிடம் என் பெயரைக் காகிதத்தில் எழுதிக் காட்டி, மாடி ஏறி என் அறைக்கே வந்துவிட்டார். காது கேட்காத மனிதர் தனியாக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று எனக்குத்தான் பதற்றம். அவர் சாவகாசமாக உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே தெரியும் சுண்ணாம்புக் குன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பிரித்தேன். குட்மார்னிங் துண்டு. காப்பிக்கடையில் மேசை துடைப்பவர் தோளிலும் லாரி ஓட்டுநர் கழுத்திலும் கிடக்குமே, அதே வெள்ளைத் துண்டு. ஓரத்துச் சிவப்பு எழுத்து வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. நான்காக மடித்திருந்தது. எடுத்து விரித்து முகர்ந்தேன். எத்தனை முறை துவைத்திருப்பீர்களோ, இன்னும் காய்ந்த புல்லும் முயல் மயிரும் தரை கழுவும் மருந்தும் சேர்ந்த அந்த வாடை போகவில்லை. தம்பி முன்னால் அழக் கூடாது என்று குன்றைப் பார்த்தேன்.

அவருக்குப் பேச்சு கொஞ்சம் வரும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் வெளியாள் முன்னால் வாய் திறக்க மாட்டார். சட்டைப்பையிலிருந்து சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினார். "எங்க அக்கா இங்க என்ன வேலை செஞ்சாங்க?"

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த எல்லாரும் அவரிடம் அதைக் கேட்டார்களாம். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. 'முயலுக்குப் புல்லு போடுறேன்' என்பதற்கு மேல் நீங்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். நான் பேனாவை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். ஒரு வரியில் எழுதக்கூடிய பதிலா அது? அவரைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய் ஒரு தட்டு மீ கோரேங் நூடுல்ஸும் தே தாரேக் டீயும் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, உங்களுக்கு இதை எழுத வந்துவிட்டேன். உங்களிடம் சொல்லிப் பார்த்தால்தான் அவருக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெளியும்.

உங்களை முதலில் பார்த்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கம்தான். வார்டில் பல வருடம் டாக்டராக இருந்துவிட்டு, நாற்பதை ஒட்டிய வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவள் நான். மூளைக்காய்ச்சலில் வரும் பிள்ளைகளுக்குக் கிருமியைக் கொல்ல மருந்து இருக்கிறது. ஆனால் கிருமி செத்த பிறகும் மண்டைக்குள் ஏறிய அழுத்தம் இறங்காமல் பிள்ளைகள் கைவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அழுத்தத்தை இறக்க ஒரு வழி கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்ற வீறாப்போடுதான் இந்த ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தேன். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம் வேறு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முதுகு கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். விலங்கறைக் கதவைத் திறந்தால், பச்சைச் சீருடையில், கழுத்தில் இந்தத் துண்டோடு, ஒரு முயலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நீங்கள் நின்றிருந்தீர்கள். துப்புரவுக் குத்தகை வேலையிலிருந்து இங்கே மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். முயலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்ததை உங்களுக்கு ஆங்கிலம் கலந்து கால் மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டீர்கள்.

பிறகு நான் ஊசி போட வந்தேன். முயலுக்குக் காதோர நரம்பில்தான் போட வேண்டும். நூல் கனம்தான் இருக்கும். மூன்று முறை குத்தினேன், மூன்று முறையும் தவறியது. முயல் உதைத்தது, நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். நீங்கள் முயலின் காதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டீர்கள். ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கையை எடுத்ததும் நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

"அது உங்களுக்குப் பயப்படுது, நீங்க அதுக்குப் பயப்படுறீங்க, நடுவுல நான் எதுக்கு டாக்டர்," என்றீர்கள். "காது சில்லுன்னு இருந்தா நரம்பு உள்ள போயிரும்லா. இப்பப் போடுங்க."

போட்டேன், ஏறியது. அன்றைக்கே உங்களை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். நமக்குள் ஒரு வயதுதான் வித்தியாசம். நீங்கள் மட்டும் கடைசிவரை டாக்டர் என்பதை விடவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை என்னைவிட நன்றாக நீங்கள்தான் மற்றவர்களுக்குச் சொல்வீர்கள். மண்டை ஓடு மூடிய பானை. உள்ளே காய்ச்சல் வந்து மூளை வீங்கினால், நீர் வடிய வழி இல்லை. மூடியைக் கட்டிவிட்டு அடுப்பைக் கூட்டினால் என்ன ஆகுமோ அதுதான். மூளைக்காய்ச்சல் வரவைத்து மயக்கம் கொடுத்த முயலின் மண்டையில் ஊசிமுனை அளவு துளையிட்டு, மெல்லிய குழாயைச் செருகி, அதன் மறுமுனையை அழுத்தமானியில் மாட்டுவோம். ஒரு முறை நான் துளையை ஆழமாகப் போட்டு உள்ளே இருந்த சவ்வைக் கிழித்துவிட்டேன். நீங்கள் உச்சுக்கொட்டி, மரத்தைக் காயப்படுத்திவிட்டீர்களே என்றீர்கள். பதின்மூன்று வயதிலிருந்து அம்மாவோடு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர் நீங்கள். பட்டையோடு உளி நிற்க வேண்டும், கட்டையைத் தொட்டால் கங்காணியிடம் ஏச்சு விழும் என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தத் தோட்டம் பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனையாகி, இப்போது வரிசை வீடாகிவிட்டது.

நாம் சோதித்த மருந்து நரம்பை எரிக்கும். ஆகவே ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். மருந்து கொடுக்காத முயல்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் ஏற்ற வேண்டும். வெறும் உப்புநீருக்கு எதற்கு ஒரு மணி நேரம் என்று ஐந்து நிமிடத்தில் ஏற்றி முடித்தேன். அது என் புத்திசாலித்தனம். ஒருவரும் தடுக்கவில்லை. பிறகு இரண்டு வகை முயலுக்கும் அழுத்தம் பார்ப்பேன். அழுத்தமானி முயலின் காதுத் துளைக்கு நேர் மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒவ்வொரு முறையும் அதன் தாங்கியை ஏற்றியும் இறக்கியும் கண்ணை வைத்துப் பார்த்துச் சரிசெய்வேன். அதில் நான் புலி என்று எனக்கு நினைப்பு.

மருந்து வேலை செய்தது. செய்தது என்றுதான் எண்கள் சொல்லின. மருந்து ஏறிய முயல்களுக்கு அழுத்தம் இறங்கியிருந்தது, உப்புநீர் முயல்களுக்கு இறங்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்காக அப்படித்தான் வந்தது. எங்கள் பேராசிரியர், வெயில் நாளிலும் குடையோடு வரும் அந்தத் தைப்பிங் சீனர், வாழ்க்கையில் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தைகள் வார்டுக்காரர்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். அடுத்த கட்டமாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதிப் படிவங்கள் தயாராயின. என் அம்மா கோவிலில் கண்டவர்களிடமெல்லாம், "என்ர பிள்ளை மூளைக்காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டாள்," என்று சொல்லி முடித்துவிட்டார். ஆயுத பூசையன்று நீங்கள் அழுத்தமானிக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தீர்கள். நான் கேலி செய்துகொண்டே இன்னொன்று வைத்தேன்.

அந்தத் தைப்பூசத்துக்கு நீங்கள் ஒரு வாரம் லீவு போட்டீர்கள். உங்களுக்குப் பதில் பாரிட் புந்தார்காரர் லத்திப் முயல்களைப் பார்த்துக்கொண்டார். அந்த வாரம் பார்த்து மருந்து ஏறிய முயல்களுக்கும் அழுத்தம் இறங்கவில்லை. நான் லத்திப்பைக் கடித்துக் குதறினேன். மயக்க மருந்தைச் சரியாகக் கொடுத்தாயா, அறை சூடாக இருந்ததா, தண்ணீர் வைத்தாயா என்று கேள்வி மேல் கேள்வி. பாவம், அந்த மனிதர் திரும்பத் திரும்ப எல்லாம் சொன்னபடிதான் செய்தேன் என்றார். நீங்கள் மொட்டைத் தலையும் சந்தனமுமாகத் திரும்பி வந்தீர்கள், எண்கள் பழையபடி இறங்கின. உங்கள் கை ராசி அக்கா என்றேன். சந்தோஷமாகச் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தினீர்கள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மூன்று நாள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நேராக லத்திப்பிடம் போய், ஒரு முயலைக் கொடுத்து, அந்த வாரம் செய்த எல்லாவற்றையும் உங்கள் முன்னால் திரும்பச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறீர்கள். பார்த்துக்கொண்டே நின்று ஒரே ஒரு வித்தியாசத்தைப் பிடித்தீர்கள். மறுநாள் என்னிடம் சொல்லாமல் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு முயலை எனக்குத் தயார் செய்தீர்கள். எண் ஏறியது. அதற்கு மறுநாள் பழையபடி வைத்தீர்கள். எண் இறங்கியது. நான் என்ன வாசித்தேன் என்று பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். நானோ நோட்டில் குறித்துவிட்டு காப்பி குடிக்கப் போனேன். அந்தக் கூடத்தில் அந்த வாரம் ஒழுங்கான ஆராய்ச்சி செய்த ஒரே ஆள் நீங்கள்தான், அக்கா.

கூண்டு கழுவும் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். கழுத்திலிருந்த துண்டை எடுத்து, நான்காக மடித்து, தொட்டி விளிம்பில் வைத்தீர்கள்.

"மருந்து இல்ல டாக்டர். துண்டு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள். மருந்து ஏற்றும் முயல் ஒரு மணி நேரம் வெறும் இரும்பு மேசையில் கிடக்கிறதே என்று அதன் தலைக்கு அடியில் இந்தத் துண்டை மடித்து வைத்திருக்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் முடியும் முயலுக்கு வைக்கவில்லை. ஒரு மணி நேரம் முடிந்த பிறகும் எடுப்பதில்லை. பச்சைத் துணி மேலே போர்த்தியிருப்பதால் எனக்குத் தெரியாது.

"நீங்க மிஷின ஏத்துறீங்கல்ல. துண்டு இருக்கிற அன்னிக்கு ரெண்டு விரல் ஏத்துறீங்க, இல்லாத அன்னிக்கு எறக்குறீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஏன் ஏத்துறோம்னு நீங்க ஒரு நாளும் கேக்கல."

தலையை உயர்த்தி வைத்தால் மண்டைக்குள் அழுத்தம் இறங்கும். இது மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கே தெரியும். வார்டில் நானே எத்தனையோ கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொல்லியிருக்கிறேன். மாதக்கணக்காகத் தாங்கியை இரண்டு விரல் ஏற்றி, மட்டம் சரி என்று மார்தட்டிக்கொண்டேனே தவிர, இந்தக் காது ஏன் உயரத்தில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்போது நான் சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, "அக்கா, இத யார்கிட்டயும் சொல்ல வேணாம்," என்றேன். இனிமேல் துண்டு வைக்காமல் செய்வோம், இனி வருவது சரியாக இருக்கும், பழைய எண்களை நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான்கு வருட உழைப்பு, பேராசிரியரின் சிரிப்பு, கோவிலில் அம்மா பேசிய பேச்சு எல்லாம் என் கண்முன் நின்றன. வார்டில் படுத்திருக்கும் பிள்ளைகள் நிற்கவில்லை. உங்கள் வேலைக்கும் ஆபத்து, வருடா வருடம் புதுப்பிக்கும் வேலை, மீறிச் சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்றும் சொல்லி வைத்தேன். உங்களைப் பயமுறுத்தத்தான் சொன்னேன்.

நீங்கள் கோபப்படவில்லை. தொட்டியின் குழாயை மூடிவிட்டு, உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னீர்கள். அவருக்கு ஒன்பது வயது, உங்களுக்குப் பதினொன்று. தோட்டத்தில் காய்ச்சல் வந்து கழுத்து விறைத்துப்போனது. தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை பையன் தலையைத் தாழ விடாதே என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா துண்டை மடித்து வைத்தார். வண்டி வந்துசேரும்வரை அந்தத் துண்டு நழுவாமல் நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். உயிர் பிழைத்தது, காது போனது. அன்றிலிருந்து யார் காய்ச்சலில் படுத்தாலும் உங்கள் கை தானாகத் துணியை மடிக்கும். முயலுக்கும் மடித்தது.

"என் தம்பிக்கு அன்னிக்கு வேலை செய்யாத மருந்தக் குடுத்திருந்தா அவன் இன்னிக்கு இல்ல டாக்டர். நாளைக்கு வேற ஒருத்தர் தம்பிக்கு இதக் குடுப்பாங்கதானே. நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லிருவேன்." துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "வேலை போனா தாப்பாலா, பரவால்ல. தரை தொடைக்க மாப் புடிக்க மறந்தா போச்சு?," என்றீர்கள்.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு உங்களையும் அழைத்துப் போனேன். அத்தனை வருடத்தில் அந்த அறையைப் பெருக்கியிருக்கிறீர்கள், நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அன்றும் உட்காரவில்லை. நான் எழுந்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். உடல் சாய்வுக் கோணம், கட்டுப்படுத்தப்படாத காரணி, மறுபரிசீலனை என்று நீட்டி முழக்கினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது போலிருக்கிறது. நீங்கள் இரண்டு எட்டு முன்னால் வந்து, துண்டை மடித்து, பேராசிரியர் முன்னால் வைத்தீர்கள்.

"சாயா யாங் லெத்தாக், ப்ரோஃப்," என்றீர்கள். நான்தான் வைத்தேன் என்று மலாயில்.

பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஒருவர், இதற்குத்தான் படித்தவர்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்று என் காதில் விழும்படி முணுமுணுத்தார். பேராசிரியர் துண்டை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். அது உனக்கு எப்படித் தெரிந்தது என்று மலாயில் கேட்டார். நீங்கள் லத்திப்பைச் செய்து காட்டச் சொன்னது, துண்டை எடுத்துப் பார்த்தது, மறுபடி வைத்துப் பார்த்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னீர்கள். இரண்டு நாள் எண்களும் உங்களுக்கு மனப்பாடம். அவர் என் நோட்டை வாங்கி அந்த இரண்டு நாளையும் புரட்டிப் பார்த்தார். எண்கள் அப்படியே இருந்தன. எழுந்து அவரே வார்டுக்கு ஃபோன் போட்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் திட்டத்தை நிறுத்துங்கள் என்றார். திரும்பி வந்து நாற்காலியை இழுத்து உங்களை உட்காரச் சொன்னார். எனக்கு அன்று வந்த பெருமை, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்திருந்த அத்தனை மாதத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. உங்கள் பக்கத்தில் நிற்கிறேன் என்பதற்காகவே வந்த பெருமை அது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். எல்லா முயலும் ஒரே மட்டத்தில், உப்புநீரும் ஒரு மணி நேரம். தலைக்கு அடியில் எதுவும் இல்லை என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று புது விதி. நீங்கள் தமிழில் போடுவீர்கள், லத்திப் அரபு எழுத்தான ஜாவியில் போடுவார். இரும்பு மேசை சில்லென்று இருக்கிறதே என்று நீங்கள் முனகிக்கொண்டே இருந்ததால், மேசை முழுவதற்கும் ஒரே கனத்தில் சூடான விரிப்பு வாங்கிப் போட்டோம். மருந்து ஒன்றும் செய்யவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று கடைசி முயல்வரை பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை.

அதை அப்படியே கட்டுரையாக எழுதினோம். உங்கள் பெயரையும் ஆசிரியர்களில் ஒருவராகப் போட வேண்டும் என்றதும் முணுமுணுத்த அதே ஆள் படிவத்தைக் காட்டி, இவருடைய கல்வித் தகுதி என்ன எழுதுவது என்று கேட்டார். பேராசிரியர் வெறுமே விடச் சொன்னார். பதவி என்ற இடத்தில் எதை எழுதலாம் என்று உங்களிடம் நான் கேட்க, "முயல் பாக்கிறவங்கன்னு போடுங்க, அதானே வேலை," என்றீர்கள். நான் அதை முறையான ஆங்கிலத்தில் மாற்றி எழுதினேன். எழுத்து அழகாக வந்தது.

அச்சில் வந்த பக்கத்தைக் கொடுத்தபோது உங்கள் பெயரை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு நான்காக மடித்து லாக்கரில் வைத்தீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவீர்கள் என்று நினைத்தேன். என் அம்மாவாக இருந்தால் கோவிலில் பிரதி எடுத்துக் கொடுத்திருப்பார். நீங்கள் புல்லுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

பிறகு உங்கள் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போய்க்கொண்டே, மற்ற நாளில் வேலைக்கு வந்தீர்கள். கடைசியாக நான் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தீர்கள். தாதி வந்து கட்டிலின் தலைப்பக்கத்தைச் சுழற்றி உயர்த்தினாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"இப்ப எவ்வளவு காட்டுது டாக்டர்?"

சிரிக்காமல் என்ன செய்வேன். எறங்கிருச்சு அக்கா, நல்லா எறங்கிருச்சு என்றேன். இரண்டு நாளில் போய்விட்டீர்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றும் கேட்கவில்லை. கூண்டு கழுவும் இடத்தில் நான் கதவைச் சாத்தியதை நீங்கள் ஒரு மனிதரிடமும் சொன்னதில்லை. பேராசிரியரிடம்கூட, தெரிந்த உடனே இருவரும் வந்தோம் என்றுதான் சொன்னீர்கள். நீங்கள் சொன்ன ஒரே பொய் எனக்காகச் சொன்னதுதான்.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். தம்பி தட்டைக் காலி செய்துவிட்டுக் காத்திருந்தார். அவரை அழைத்துவந்து என் அறைச் சுவரைக் காட்டினேன். பட்டம் எதையும் நான் மாட்டவில்லை. அந்தக் கட்டுரையின் முதல் பக்கம் மட்டும்தான் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் உங்கள் பெயரை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு நோட்டை நீட்டினார்.

நான் எழுதினேன். "ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்று உங்கள் அக்கா கண்டுபிடித்தார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அதை மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்போம்."

அவர் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. நோட்டை மூடப் போனார். நான் கையை வைத்துத் தடுத்து, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். "சொல்ல வேண்டாம் என்று முதலில் தடுத்தது நான்தான்."

அதையும் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கண்ணைத் திருப்பவில்லை. அவர் என் பேனாவை வாங்கவில்லை, எதுவும் எழுதவும் இல்லை. வாயைத் திறந்து, கரகரத்த குரலில், ஒவ்வொரு எழுத்தாக, "பரவால்ல," என்றார். பிரித்துக் கிடந்த துண்டை எடுத்து, மூலைக்கு மூலை சரியாக நான்காக மடித்து, என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

துண்டு இங்கேதான் இருக்கிறது, அக்கா. பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். பயப்படாதீர்கள், முயலுக்கு அடியில் வைக்க மாட்டேன்.